ஒரு பேருக்குத்தான் இடம்

சீனிமுகம்மதுவின் கைகளைப் பற்றி ஊரில் இரண்டு கதை இருந்தது. கரைவாகு வட்டை வயல்காரரைக் கேட்டால், விடியக் குனிந்தால் வெயில் உச்சிக்கு வருமுன் ஒரு துண்டு வயலை அறுத்துப் போட்டுத்தான் நிமிர்கிற கை என்பார்கள். சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களைக் கேட்டால், முறிந்த எலும்பைத் தோலுக்கு மேலே தடவியே இன்ன இடத்தில் முறிவு என்று சொல்லுகிற கை என்பார்கள். முதற்கதை உண்மை. இரண்டாவதைக் கேட்டால் அவருக்கே சிரிப்பு வரும்.

எலும்பு தெரிந்தவள் அவருடைய பெண்சாதி ஸைனம்பு. அவளுடைய வாப்பா ஆதம்லெவ்வைப் பரிசாரியார் முறிவு தறிவு பார்ப்பதில் பேர்போனவர். ஆண்பிள்ளை இல்லாத மனிசன். ஒரே மகளைப் பதினாலு வயதிலிருந்தே பக்கத்தில் இருத்திவிட்டார். பெண்களும் பிள்ளைகளும் வந்தால் அவள் பக்கம் தள்ளிவிடுவார். அவர் மவுத்தாகி இரண்டு வருஷத்தில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்து, கூரைகள் பறந்து, ரோட்டெல்லாம் மரம் விழுந்து கிடந்த அந்த விடியலில், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவர்கள் முறிந்தவர்களைக் கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பரிசாரியார் வளவுக்குத்தான் வந்தார்கள். பரிசாரியார் இல்லை என்பது வந்து இறக்கிய பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

முதலில் கிடந்தவன் தொடை முறிந்த ஓர் ஆம்பிளை. அந்நிய ஆம்பிளையின் தொடையில் ஸைனம்பு கை வைக்கமாட்டாள். வைத்தால், அவன் எழும்பி நடக்குமுன் ஊர்க்கதை எழும்பி நடந்துவிடும். அவன் போட்ட கத்தலைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் அவளால் ஏலவில்லை.

"மச்சான், கையக் கொண்டாங்க" என்றாள் புருஷனிடம்.

அவருடைய இரண்டு கையையும் அந்தத் தொடையில் வைத்தாள். தன் கைகளை அவருடைய கைகளுக்கு மேலே வைத்தாள். அவள் எந்த விரலை அமர்த்தினாளோ அந்த விரல் அமர்ந்தது. முறிவுக்கு மேலே வந்தபோது கிடந்தவனுடைய சதை துடித்த துடிப்பு அவருடைய விரலுக்குள்ளால் ஏறி அவளுக்குப் போனது. "இதான், இதான், விடாதீங்க" என்றாள். அன்றைக்கு மட்டும் பதினொரு பேர். அன்று தொட்டு அதுவே அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவளுடைய கை. ஆம்பிளைக்குப் புருஷனின் கை, அதற்கு மேலே அவளுடைய கை.

எண்பத்தோராம் ஆண்டு சிறுபோக நெல்வெட்டு முடிகிற நாட்களில் ஓர் அசறுத் தொழுகைக்குப் பிறகு, கரைவலைக்காரர் கச்சிமுகம்மது மணிக்கட்டு வீங்கி வந்து விறாந்தைப் பாயில் இருந்தார். சீனிமுகம்மது வயலால் வந்து கை கால் கழுவி, தேத்தண்ணி ஒரு மிடறு குடிப்பதற்குள் ஸைனம்பு கூப்பிட்டுவிட்டாள். முதுகு அவருக்கு இரண்டு நாளாக வலித்துக்கொண்டிருந்தது. சொன்னால், முதலில் முதுகைத் தடவ வருவாள், வந்த ஆள் காத்துக் கிடக்கும் என்று சொல்லாமல் விட்டிருந்தார்.

"பெருவிரல எடுங்க மச்சான். நடுவிரலால ஊண்டுங்க. மேல, இன்னும் மேல."

"ஆ... உம்மா!" என்றார் கச்சிமுகம்மது.

"கத்துங்க காக்கா, நல்லாக் கத்துங்க. கத்தினாத்தான் எனக்கு எடம் தெரியும்."

"இஞ்ச கத்துறது கடலுக்குக் கேட்டா, மீனெல்லாம் ஓடிரும் புள்ள."

"ஓடின மீன் நாளைக்கு வரும். எலும்பு வெலகினா வராது."

மூட்டு விலகவில்லை, சின்ன வெடிப்புத்தான். முட்டை வெள்ளையும் உளுத்தம்மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். கட்டி முடிகிற நேரத்தில் அப்துல் ஹமீட் விதானையார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார். அரசாங்கம் அவருக்குக் கிராம சேவகர் என்று பேர் வைத்துக் கனகாலம். ஊர் இன்னும் விதானை என்றுதான் கூப்பிடும்.

"ராத்தா, ஒரு பெட்டிசம் வந்திரிக்கி" என்றார். "பேர் போடாத பெட்டிசம். 'இந்த வளவுல பதிவில்லாத பொம்புள ஒண்டு ஆம்பிளையளுக்கு வைத்தியம் பாக்குது' எண்டு. பொலிஸுக்கும் ஒரு கொப்பி போயிரிக்கி."

"வாப்பாட பதிவு இரிக்கே."

"அது வாப்பாவோட மவுத்தாப் போச்சி. சட்டத்த மாத்திட்டானுகள் ராத்தா. வைத்தியம் பாக்கிற ஒவ்வொருத்தரும் தன்ட பேருல பதியணும். கல்லூரியில படிக்காதவங்களுக்கு ஒரு வழி வச்சிரிக்கான். பத்து வருஷம் பாத்ததெண்டு ஊர் சாட்சி சொல்லணும், பள்ளிவாசல் கடிதம் வேணும், மறுகா அம்பாறையில விசாரணை. மார்கழி முடியக்குள்ள பதியாட்டி, தொட்டாலே வழக்கு."

விதானையார் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ஸைனம்பு வாங்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சீனிமுகம்மது வாங்கினார். நாற்பது வயதுக்குப் பிறகு வாசிகசாலையில் நடந்த முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவர் அவர். மழைக்காலத்து வரம்பில் நடக்கிறவனைப் போல, ஒவ்வொரு எழுத்திலும் கால் ஊன்றி, வழுக்கி, திரும்ப ஏறித்தான் வாசிப்பார்.

"சி...கிச்சை... அளிப்ப...வரின் பெயர்" என்று வாசித்தார். அதற்கு நேரே ஒரு கோடு. ஒரு பேர் எழுத மட்டும் இடம்.

"யார்ட பேரப் போடுற?" என்று கேட்டார்.

"தெரியாமக் கேக்கிறீங்களா, தெரிஞ்சு கேக்கிறீங்களா?" என்றாள் ஸைனம்பு. "எண்ட பேரப் போடுங்க."

பள்ளிக் கடிதத்துக்கு அப்துல் கபூர் மரைக்காயரிடம் போகவேண்டியிருந்தது. அவர்களுடைய குடிவழிக்குப் பள்ளிவாசலில் அவர்தான் பொறுப்பு. மரைக்காயர் முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிளறுவதை நிறுத்தினார்.

"சீனி, ஒனக்கு மகள் ஒண்டு இரிக்கி. ஜெமீலாவுக்கு எத்தின வயசு?"

"பத்தொம்பது."

"மாப்புள தேடுற வயசு. இந்த நேரத்துல தாய்ட பேர அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிஸுக்கும் அனுப்புறதா? அங்க நாலு ஆம்பிளை இருந்து, 'நீ ஆம்பிளையள எங்கெங்க தொட்ட' எண்டு கேப்பானுகள். அதுக்கு ஸைனம்பு மறுமொழி சொல்றதா?"

"அவ தொடுறதில்லையே மரைக்காயர். எண்ட கையத்தான் தொடுற."

"அதத்தான் நானும் சொல்றன். தொடுற கை ஒண்ட கை. பொறகென்ன? நீ போ, நான் கடிதம் எழுதி அனுப்புறன்."

கடிதம் ஒரு கிழமைக்குப் பிறகு வந்தது, உறையை ஒட்டாமல். சீனிமுகம்மதுக்கு வாசிக்கத் தெரியும் என்று மரைக்காயர் நினைத்திருக்கவில்லை. அறுவடைக்காரனுக்கு எழுத்து எதற்கு என்றிருந்திருப்பார். சீனிமுகம்மதும் அதைப் பிரிக்கவில்லை. பள்ளிக் கடிதம் என்றால் அதில் உண்மைதானே இருக்கும்.

கார்த்திகையில் விசாரணைக்கு நாள் வந்தது. அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விடிய ஐந்தரைக்கு ஜெமீலா பிட்டும் சுட்ட மீனும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். கல்முனையால் வந்த அம்பாறை பஸ்ஸில் ஏறினார்கள். காரைதீவுச் சந்தியில் குடையைக் கோழி உதறுவதுபோல உதறிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறி, அவர்களுக்கு முன் சீற்றில் இருந்துகொண்டு பின்னால் திரும்பினார். விசகடி வைத்தியம் பார்க்கிற கந்தப்போடி. பாம்பு கடித்தால் சாய்ந்தமருதும் அவரிடம்தான் ஓடும்.

"என்ன காக்கா, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இந்த மழைக்குள்ள? உங்களுக்குமா?"

"ஓம் பரிசாரியார். எங்களுக்கும்தான்."

"உங்களுக்கு என்ன, எலும்பக் காட்டினாப் போதும். என்ட பாட்ட நினைச்சுப் பாருங்க. மந்திரத்த வெளியில சொன்னா அது செத்துப் போகும். சொல்லாட்டி சேட்டிபிக்கற் இல்ல. சொன்னா சேட்டிபிக்கற் இருக்கும், ஆனாப் பாம்பு கேக்காது. சேட்டிபிக்கற்றப் பாம்புக்கு வாசிச்சா காட்டுறது?"

ஸைனம்பு முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்தாள். பஸ் சம்மாந்துறையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் விதைத்த வயலெல்லாம் வெள்ளத்துக்குள் கிடந்தது. ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்த ஓரிடத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய்த் தடி விட்டுப் பார்த்தான். அந்த இடைவெளியில்தான் சீனிமுகம்மது, உறை நனைந்துவிட்டதோ என்று பார்க்கக் கடிதத்தை எடுத்தார். எடுத்தவர் பிரித்தார். பிரித்தவர் வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வரியிலேயே தன்னுடைய பேர் வந்தது. அடுத்த வரியிலும் வந்தது. 'சீனிமுகம்மது வைத்தியர் அவர்கள் கடந்த பத்து வருடத்துக்கு மேலாக இவ்வூரில் எலும்பு முறிவு வைத்தியம் செய்து வருகிறார் என்றும், ஒழுக்கமானவர் என்றும் உறுதிப்படுத்துகிறோம்.' கடிதத்தின் தலையிலிருந்து கால்வரை ஸைனம்புவின் பேர் இல்லை.

பொய் சொல்லக்கூடாது, அந்தச் சொல் அவருக்கு ஒரு கணம் இனித்தது. சீனிமுகம்மது வைத்தியர். ஐம்பது வயதில் இன்னொருவன் வயலில் குனிய வேண்டாம். முதுகை நிமிர்த்திக் கதிரையில் இருக்கலாம். தெருவில் போனால் ஆட்கள் சைக்கிளால் இறங்குவார்கள். வாசித்த வரியையே திரும்ப வாசித்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார். அவள் ஜன்னல் சட்டர் இடுக்கால் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, இதுல ஒண்ட பேர் இல்ல."

"எதுல?"

"பள்ளிக் கடிதத்துல. நான்தானாம் வைத்தியர்."

அவள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். கந்தப்போடிதான் கதைத்தார்.

"மரைக்காயர் மரியாதைக்குச் செய்திருப்பார் தங்கச்சி. பொம்புளப் பிள்ளைட பேர வெளியில விடக்கூடாதெண்டு."

"ஓம், மரியாதைதான்" என்றாள் ஸைனம்பு. "எண்ட மரியாதையக் காப்பாத்த என்னையே அழிச்சிட்டாரு."

"இப்ப என்ன செய்யிற? குடுக்காட்டி உள்ள விடமாட்டானுகளே" என்றார் சீனிமுகம்மது.

"கடிதத்தக் குடுங்க. அது மரைக்காயர் சொல்றது. கேட்டா நீங்க ஒங்கட வாயால உண்மையச் சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

"வைத்தியரெண்டு கூப்பிட்டா ஆசையா இரிக்கும்."

"இருந்திச்சி" என்றார் அவர். "ரெண்டு தரம் வாசிச்சன்."

அதைக் கேட்டு அவள் கோபிக்கவில்லை. வாழையிலையை விரித்து மீனின் நடுத்துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு துண்டைக் கந்தப்போடிக்கும் நீட்டினாள்.

அம்பாறையில் விசாரணை நடந்த கட்டடத்தின் நடையில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். கண் வைத்தியர், அம்மைக்குப் பார்க்கிறவர், விசர்நாய்க் கடிக்குப் பார்க்கிறவர். எல்லாருடைய கையிலும் ஒரு கடிதம். ஈரக் குடைகளின் தண்ணீர் சீமெந்தில் வாய்க்கால் ஓடியது. கந்தப்போடியை முதலில் கூப்பிட்டார்கள். போனவர் கால் மணித்தியாலத்தில் சிரித்துக்கொண்டு வந்தார்.

"நடுவுல இருக்கிறவர் சிங்களக் கிழவர், அவரும் பரம்பரை வைத்தியர். மந்திரம் சொல்லமாட்டன் எண்டு நிண்டன். 'அத வச்சுக்கொள், கடிச்சவுடன ஆள என்ன செய்யிற, அதச் சொல்லு' எண்டார். சொன்னன். அவர்ட தகப்பனும் விசகடிக்காரராம். பக்கத்துல கண்ணாடி போட்ட அதிகாரி ஒருத்தர் இருக்கிறார், சட்டம் கதைக்கிறவர். அவரோட கவனம்."

உள்ளே கிழவர் நடுவில் இருந்தார். கண்ணாடி போட்ட அதிகாரி ஒரு பக்கம். மறுபக்கம், சிங்களத்தைத் தமிழாக்கிச் சொல்ல கனகரெத்தினம் என்ற கிளார்க். சுவர் ஓரத்தில் கரும்பு வெட்டுகிற ஒரு தொழிலாளி மர வாங்கில் இருந்தான், பரீட்சைக்கென்று கூட்டிவந்த ஆள். அவனுடைய இடது முன்கை வீங்கியிருந்தது. அதன் எக்ஸ்ரே படம் உறைக்குள் மேசையில் கிடந்தது.

அதிகாரி படிவத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிவத்தில ஒரு பேர், கடிதத்தில இன்னொரு பேர்" என்றார் கனகரெத்தினம், அவர் சொன்னதைத் தமிழில். "ஆர் வைத்தியர் எண்டு கேக்கிறார்."

"எண்ட பெண்சாதி" என்றார் சீனிமுகம்மது. "கடிதம் பிழை."

"பள்ளிவாசல் கடிதம் பிழையோ?"

"கடிதம் எழுதினவரு நல்ல மனிசன் ஐயா. எழுதினது பிழை."

கிழவருக்கு அதைச் சொன்னபோது அவர் வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காட்டினார். வாங்கில் இருந்தவனைக் காட்டி, நீயே பார்த்துச் சொல் என்று சீனிமுகம்மதுக்குக் கை காட்டினார். சீனிமுகம்மது போய் அந்த முன்கையைப் பிடித்தார். இத்தனை வருஷம் எத்தனை கை பிடித்திருக்கிறார். விரலை ஓட்டினார். வெக்கையாக இருந்தது, வீக்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"என்ன தெரியுது?"

"உள்ளுக்கு எலும்பு இரிக்கி ஐயா" என்றார். "அவ்வளவுதான் தெரியும்."

கனகரெத்தினம் அதைச் சிங்களத்தில் சொல்லுமுன்னமே சிரித்துவிட்டார்.

"இனி நீ பார்" என்று ஸைனம்புவைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பி, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு போய், புருஷனின் பக்கத்தில் குந்தினாள். அவருடைய கைகள் அந்த முன்கையில் இருந்தபடியே இருந்தன. தன் கைகளை அவற்றின் மேலே வைத்தாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள். அறையில் மூன்று ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் மறந்தாளோ, மறந்ததுபோல் இருந்தாளோ, சீனிமுகம்மதுக்குத் தெரியவில்லை. அவளுடைய கை மட்டும் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"சின்ன விரலத் தூக்குங்க மச்சான். இல்ல, மற்றது. அமத்தாதீங்க, சும்மா வைங்க. இப்ப கீழ வாங்க."

கரும்புக்காரன் பல்லைக் கடித்தான். அவள் மேலே போனாள், கீழே வந்தாள், திரும்ப மேலே போனாள். பிறகு கையை எடுத்தாள்.

"பெருவிரல் பக்கத்து எலும்பு. புது முறிவு மணிக்கட்டுக்கு நாலு விரல் மேல. ஆனா அதுக்கும் மேல ஒரு பழைய முறிவு இரிக்கி. அது கோணலாப் பொருந்தி, மொழி விழுந்து கணு மாதிரிப் புடைச்சிக் கிடக்கு. அப்ப கட்டினவரு அவசரக்காரன். பழசுதான் இப்ப கூட நோகுதெண்டு இந்த மனிசன் நெனைப்பாரு. அதில்ல. கீழதான் கட்டணும்."

அதிகாரி படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். கிழவரும் கழுத்தை நீட்டினார். இரண்டு பேரும் சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். கரும்புக்காரன் தானாகவே சொன்னான், ஏழு வருஷத்துக்கு முன் டிரக்டரால் விழுந்தானாம்.

"சரியாச் சொல்லியிருக்கிறீங்களாம் அம்மா" என்றார் கனகரெத்தினம். "இப்ப பிரச்சினை வேற. சட்டத்தில சிகிச்சை செய்யிறவர் எண்டால் ஒராள். நீங்க தொடேல்ல, அவருக்குத் தெரியேல்ல. உங்களில ஆரைப் பதியிறது? அதிகாரி ஐயா சொல்றார், புருஷன்ட பேரில பதிஞ்சால் ஒரு கரைச்சலும் இல்ல. நீங்க வீட்டில பழையபடி செய்யலாம்."

சீனிமுகம்மது இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். காய்த்துப்போன உள்ளங்கை மேலே தெரிய.

"ஐயா, சொல்லுங்க அவருக்கு. எண்ட பேருல பதிஞ்சா, நாளைக்கு அல்லா காப்பாத்தணும், இவ மவுத்தானா நான் ஒராளா நிண்டு ஆக்கள்ட கையையும் காலையும் புடிச்சி நொறுக்குவன். ஒருத்தரும் என்ன மறிக்க ஏலாது. சேட்டிபிக்கற் என்னட்ட இரிக்குமே. தெரியாதவன் தொடக்கூடாதெண்டுதானே சட்டம் போட்டீங்க?"

இதைச் சிங்களத்தில் கேட்டபோது கிழவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அதிகாரி படிவத்தைப் புரட்டினார். பிறகு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அப்ப இப்பிடிச் செய்வமாம்" என்றார் கனகரெத்தினம். "உங்கட பேரில பதிவு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் எண்டு ஒரு நிபந்தனை போட்டு. அதில நீங்க நேரடியாத் தொடுறீங்கதானே? இதில பெருவிரல் அடையாளம் வையுங்க. இண்டைக்கே முடிஞ்சிரும்."

மைப் பெட்டி மேசையின் இந்தக் கரைக்கு வந்தது. சீனிமுகம்மது மூச்சை விட்டார். வீடு போகலாம். பொலிஸ் வராது. அரைக் கிணறு தாண்டினாலும் தாண்டியதுதான் என்று நினைத்தார்.

ஸைனம்பு பெருவிரலைக் கொடுக்கவில்லை.

"ஆம்பிளையளுக்கு எலும்பு இல்லையா ஐயா?" என்று கேட்டாள்.

"அம்மா, இது கிடைக்கிறதே பெரிசு."

"தென்னையால விழுறவன் ஆம்பிளை. வலைக் கயிறு இழுத்துத் தோள்மூட்டு கழர்றவன் ஆம்பிளை. நெல்லு மூட்டையோட பாலத்தால சறுக்கிறவன் ஆம்பிளை. அவனுகள்ட பெண்சாதிமாருக்குக் குசினியில கை சுடும், அவ்வளவுதான். பொம்புளையளயும் புள்ளையளயும் மட்டும் பாக்கச் சொன்னா, வாப்பா தந்ததுல கால்வாசியத்தான் நான் பாக்க ஏலும். மிச்சத்த எங்க கொண்டு போடுற?"

"அப்ப நேரடியாத் தொட்டுப் பாருங்கோவன்."

"அது எண்ட தீன், எண்ட மார்க்கம். அத நீங்க கேக்கப்படாது. எண்ட வழியில எனக்குப் பிழை வந்திச்சா? படத்தப் பாத்தீங்க. சரியெண்டு நீங்களே சொன்னீங்க. ரெண்டு பேர் சேந்து செய்யிற வேலை இது. ரெண்டு பேரையும் எழுதுங்க. வைத்தியர் நான், கை அவரு."

கனகரெத்தினம் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி படிவத்தைத் தூக்கி, விரலால் தட்டிக் காட்டினார்.

"ரெண்டாவது பேருக்கு இதில பத்தி இல்லையாம்."

"பத்தி இல்லாட்டி ஒரு கோடு கீறுங்க" என்றாள் ஸைனம்பு. "படிச்ச ஆக்களுக்கு ஒரு கோடு கீறத் தெரியாதா?"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சீனிமுகம்மது அவளை இடிக்க முழங்கையை எடுத்தார். எடுத்த முழங்கையை அப்படியே இறக்கிக்கொண்டார்.

"அடையாளம் வைக்காட்டி ஒண்டும் இல்லாமப் போகலாம் அம்மா. மார்கழிக்குப் பிறகு வழக்கு வரலாம்."

"வரட்டும் ஐயா. கோட்டுல நீதவானுக்கும் இதத்தான் சொல்லுவன். அங்கயும் ஆரும் கை முறிஞ்சவன் இருப்பான்."

அவள் மைப் பெட்டியை அந்தப் பக்கம் தள்ளினாள். கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரியிடம் குரலை உயர்த்திக் கதைத்தார். அதிகாரியும் கதைத்தார். மழைச் சத்தத்துக்குள் இரண்டு பேரின் குரலும் ஏறி இறங்கியது. கடைசியில் அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"கொழும்புக்கு எழுதுகினம்" என்றார் கனகரெத்தினம் மெல்ல. "இப்பிடி ஒரு விதி இல்ல, புதுசாச் சேக்கவேணும் எண்டு பெரியவர் எழுதச் சொல்றார். மறுமொழி வரும்வரைக்கும் உங்கட விண்ணப்பம் விசாரணையிலதான் இருக்கும். விசாரணையில இருக்கிற ஆளுக்கு வழக்கு வைக்க ஏலாது. பழையபடி பாருங்க. ஆனா ஒண்டு, இடைக்கிடை கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருங்க. கேட்காட்டி பைலை மூடிருவினம்."

மறுமொழி வரப் பதினைந்து மாதம் எடுத்தது. அதுவும் சும்மா போகவில்லை. பேர் போடாத பெட்டிசம் இன்னும் இரண்டு வந்தது. அப்துல் கபூர் மரைக்காயர் சீனிமுகம்மதின் ஸலாமுக்குத் தரையைப் பார்த்து மறுமொழி சொன்னார். ஜெமீலாவைப் பேசிவந்த நிந்தவூர் வீட்டுக்காரர், தாய் விசாரணையில் நிற்கிற வீடாமே என்று கேட்டுவிட்டுப் பிறகு வரவே இல்லை. அன்றைக்கு ஸைனம்பு மத்தியானம் சோறு உண்ணவில்லை. மகளிடம் போய், "என்னால ஒண்ட காரியம் கெட்டுப் போச்சா புள்ள?" என்று கேட்டாள்.

"எலும்பு முறிஞ்சா அவனுகளும் இஞ்சதானே உம்மா வரணும்" என்றாள் ஜெமீலா. "வரக்குள்ள நல்லா இறுக்கிக் கட்டுங்க."

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி சீனிமுகம்மது கடிதம் எழுதினார். வயலால் வந்து, மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை வைத்துக்கொண்டு. பேனா மண்வெட்டியைவிடப் பாரமாக இருந்தது. எழுதுவது ஆறு வரி. அதற்கு ஓர் அந்திப்பொழுது போகும். 'எங்கள் விண்ணப்பம் பற்றி இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை. நாங்கள் மறக்கவில்லை. தாங்களும் மறக்கவேண்டாம்.' அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி விதானையார் சொன்னார், அதிகாரிகளுக்குக் கோபம் வரும் என்று. ஸைனம்பு எடுக்க விடவில்லை. பெரும்போகம் விதைத்து, அறுத்து, சிறுபோகம் விதைத்து, அறுத்து, திரும்பவும் பெரும்போகக் கதிர் மஞ்சள் பற்றுகிற வரைக்கும் பதினைந்து கடிதம் போனது. சில மாதம் 'கிடைத்தது' என்று ஒரு வரி வந்தது. சில மாதம் அதுவும் இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, தபால்காரர் மண்ணிறப் பெரிய உறையொன்றைக் கொண்டுவந்தார். சீனிமுகம்மது அதை உடைக்குமுன் கையைச் சாரத்தில் துடைத்தார். உள்ளே புதிதாக அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. அதனோடு கனகரெத்தினம் கையால் எழுதிய ஒரு துண்டு. விதி திருந்திவிட்டது, உங்களைப்போல இரண்டு பேராகச் செய்கிற ஆட்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்களாம், கையொப்பம் வைத்துத் திருப்பி அனுப்புங்கள் என்று.

"வாசிங்க" என்றாள் ஸைனம்பு. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அகப்பையோடு வந்து நின்றாள்.

"சிகிச்சை அளிப்பவரின் பெயர். அதுக்கு நேரே, ஆதம்லெவ்வை ஸைனம்பு."

"மறுகா?"

"அதுக்குக் கீழ புதுசா ஒரு கோடு கீறியிரிக்கி. 'வைத்தியரின் பணிப்பின்படி மட்டும் செயற்படும் உதவியாளர்.' அதுக்கு நேரே எண்ட பேர்."

"பணிப்பெண்டா?"

"நீ சொன்னா நான் செய்யணுமாம்."

"அதுக்கா பதினைஞ்சு மாசம் போச்சி?" என்றாள் அவள். "கலியாணம் முடிச்ச நாளிலேர்ந்து அதுதானே நடக்குது."

"இல்ல புள்ள, இது சட்டம். இனி நான் ஒண்ட சொல்லுக்கு மாறினா, என்னப் பொலிஸ்ல குடுக்கலாம்." அவர் சிரித்தார். பிறகு தன்னுடைய பேரையும் அவளுடைய பேரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரும்ப ஒருமுறை, எழுத்து எழுத்தாக வாசித்தார். இந்தமுறை எங்கேயும் வழுக்கவில்லை.

நிபந்தனை என்று ஏதும் எழுதியிருக்கிறதா, நன்றாகப் பாருங்கள் என்றாள். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். இல்லை.

"ஆம்பிளை, பொம்புள எண்டு ஒண்டும் இல்ல. ஆக்கள் எண்டுதான் இரிக்கி."

ஸைனம்பு படிவத்தை வாங்கி, தலைகீழாகவோ நேராகவோ கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கவனமா வைங்க, ஈரம் படாம. எனக்கு எண்ட பேர மட்டும் எழுதக் காட்டித் தரணும். இதுல நான் பெருவிரல் வைக்கமாட்டன்."

"எப்ப தொடங்குற?"

"அந்திக்கு" என்றாள். படலைக்கு வெளியே மாட்டு வண்டில் ஒன்று வந்து நின்ற சத்தமும், யாரோ முனகுகிற சத்தமும் கேட்டது. அவள் அகப்பையை மகளின் கையில் கொடுத்துவிட்டு முக்காட்டை இழுத்துச் செருகினாள்.

"இப்ப கையக் கழுவிட்டு வாங்க. ஆள் வந்திரிக்கி."